இங்கிலாந்தில் மகள் வாங்கிய வீட்டில் அனெக்ஸ் இருக்கிறது. கூடுதலாகக் கட்டிய 24,000 பவுண்ட் திரும்ப வருமா?

கொழிஞ்சாம்பாறை தோப்பு

வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். மகள் இங்கிலாந்தில் நர்ஸ், மாப்பிள்ளை ஐடி. 2025 ஜனவரி 17ஆம் தேதி லெஸ்டருக்கு வெளியே இருவர் பேரிலும் ஒரு வீடு வாங்கினார்கள், விலை 4,80,000 பவுண்ட். வங்கிக் கடன் போக மீதிக்கு நானும் தோப்பில் ஒரு துண்டை விற்று அனுப்பினேன், ஆனால் என் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. வீட்டை ஒட்டி, முன்பு கார் ஷெட்டாக இருந்த இடத்தை ஒரு படுக்கையறை, குளியலறை, சின்னதாகச் சமையல் மேடை என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தெருப்பக்கம் தனி வாசல், உள்ளே பெரிய வீட்டுக்குப் போக ஒரு கதவு, இரு பக்கமும் பூட்டிக்கொள்ளலாம். அதைத்தான் அனெக்ஸ் என்கிறார்கள். நான் போனால் அங்கேதான் படுக்கை.

வாங்கும்போது ஸ்டாம்ப் டியூட்டி 35,500 பவுண்ட் கட்டினார்கள். இப்போது ஒரு கம்பெனி போன் மேல் போன் போடுகிறது. அனெக்ஸ் இருப்பதால் உங்கள் சொலிசிட்டர் (பத்திர வேலை பார்த்த வக்கீல்) தவறாக 5 சதவீதம் அதிகம் கட்டவைத்துவிட்டார், நியாயமாக 11,500தான் கட்ட வேண்டும், மீதி 24,000 பவுண்டை நாங்கள் வாங்கித் தருகிறோம், வந்தால் 30 சதவீதம் எங்களுக்கு, வராவிட்டால் ஒன்றும் வேண்டாம், ஆனால் ஜனவரி 31க்குள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்கிறார்கள். சொலிசிட்டரைக் கேட்டால் 'சரியாகத்தான் கட்டியிருக்கிறோம்' என்று ஒரு வரியில் மெயில் போட்டுவிட்டு முடித்துக்கொண்டார்.

மகளுக்கு இங்கே ஊர் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு உண்டு, 2023இல் அவள் அம்மா தவறியபோது வந்தது, போக்குவரவு (வருவாய்ப் பதிவில் பெயர் மாற்றம்) கூட இன்னும் ஆகவில்லை. இதெல்லாம் கணக்கில் வருமா? கையெழுத்துப் போடலாமா? நம் பணத்துக்கு 25 லட்சத்துக்கு மேல் வருகிறது, சும்மா விட மனசு வரவில்லை.

வாளையாறு எக்ஸ்பிரஸ்

சார், யோசிக்கவே வேண்டாம், போடச் சொல்லுங்கள். அனெக்ஸ் இருந்தால் இரண்டு வீடு கணக்கு, அதற்கு எம்.டி.ஆர். என்று, ஒன்றாகப் பல வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. விலையை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியாக வரி போடுவார்கள், மொத்தம் குறைந்துவிடும். என் மச்சான் லண்டன் பக்கம் 2022இல் வாங்கினார், இதே மாதிரி ஏஜென்ட் வழியாகத்தான் நல்ல தொகை திரும்பி வந்தது. 30 சதவீதம் போனால் போகட்டும், 70 வருகிறதே.

சித்தூர்க்காரி, இப்போது நாட்டிங்ஹாம்

ஐயா, தயவுசெய்து இப்போது எதிலும் கையெழுத்து வேண்டாம். நான் இங்கே வீட்டுப் பத்திரம் பார்க்கும் ஆபீஸ் ஒன்றில் வேலை செய்கிறேன், இந்த மாதிரி போன் எங்கள் கட்சிக்காரர்களுக்கும் தினம் வருகிறது.

முதலில் வாளையாறு சொன்ன எம்.டி.ஆர். அந்தச் சலுகையே இப்போது கிடையாது. 2024 மார்ச் 6 பட்ஜெட்டில் அறிவித்து ஜூன் 1 முதல் எடுத்துவிட்டார்கள், மார்ச் 6க்குள் ஒப்பந்தம் கைமாறியவர்களுக்கு மட்டும் விலக்கு. அது இருந்த காலத்திலும் ஒரு கெட்டிலும் வாஷ்பேசினும் வைத்த அறையை எல்லாம் தனி வீடு என்று காட்டி ஆளாளுக்குக் கேட்டு, வழக்கு வழக்காகப் போய், 2021இல் மேல் தீர்ப்பாயம் தனி வீடு என்றால் தன் வாசல், சமையல், குளியல், முக்கியமாக மற்ற பகுதியில் இருந்து மறைவும் பாதுகாப்பும் வேண்டும் என்று விரிவாகச் சொன்னது. இடையில் கதவே இல்லாத நடைபாதையால் இணைந்த அனெக்ஸ் தனி வீடு இல்லை என்று அந்த வழக்கில் வாங்கியவர்கள் தோற்றார்கள். உங்கள் மகள் வாங்கியது 2025இல். ஆகவே மச்சான் கதை இங்கே செல்லாது.

இப்போது அந்த 5 சதவீதம். இரண்டாவது வீடு வாங்குபவர்களுக்கான சர்சார்ஜ் அது. 2016 ஏப்ரலில் 3 சதவீதமாக வந்தது, 2024 அக்டோபர் 31 முதல் 5 ஆகிவிட்டது. உங்கள் கணக்கு இப்படி: அன்றைய சாதாரண விகிதத்தில் முதல் 2,50,000க்கு வரி இல்லை, மீதி 2,30,000க்கு 5 சதவீதம், 11,500. சர்சார்ஜ் முழு விலைக்கும் விழும், 4,80,000க்கு 5 சதவீதம் 24,000. கூட்டினால் 35,500. அதாவது சொலிசிட்டர் தெரிந்தேதான் சர்சார்ஜ் போட்டிருக்கிறார், கூட்டலில் தப்பு இல்லை.

ஏன் போட்டார் என்பதுதான் கேள்வி. அனெக்ஸுக்காக என்றால் ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஒரே வளாகத்தில் இருக்கும் அனெக்ஸை, பெரிய வீட்டின் மதிப்பு மொத்த விலையில் மூன்றில் இரண்டு பங்காவது இருந்தால், துணை வீடு என்றுதான் பார்ப்பார்கள், அதற்காக மட்டும் சர்சார்ஜ் விழாது. உங்களுக்கு அனெக்ஸ் 1,60,000 பவுண்டைத் தாண்டக் கூடாது, கார் ஷெட்டை மாற்றியது அந்தப் பக்கமே போகாது. அனெக்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால்தான் இரண்டு வீடு வாங்கியதாகக் கணக்கு.

ஆனால் சர்சார்ஜ் விழ இன்னொரு வழி இருக்கிறது. இருவரில் யாருக்காவது, உலகத்தில் எங்கேயாவது, வேறு வீடு இருக்கிறதா? ஊர் வீட்டுப் பங்கைப் பற்றிக் கவலை வேண்டாம், வாங்குவதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் வாரிசாக வந்த, பாதிக்கு மேற்படாத பங்கை விட்டுவிடுவார்கள். பங்கின் மதிப்பு 40,000 பவுண்டுக்குக் கீழே என்றாலும் கணக்கில் இல்லை. மாப்பிள்ளைக்கு ஏதாவது உண்டா? கணவன் மனைவி என்றால் ஒருவருடைய சொத்து இருவருக்கும் சேர்த்துத்தான்.

ஸ்டாம்ப் டியூட்டிக்குக் கொடுத்த படிவத்தின் நகலை மகளிடம் வாங்கிப் பாருங்கள், சொத்து வகை என்ற இடத்தில் 04 என்று இருக்கும், அது கூடுதல் வீட்டுக்கான குறி. எதனால் 04 போட்டீர்கள் என்று சொலிசிட்டரிடம் அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை தோப்பு

ரொம்ப நன்றி அம்மா. மாப்பிள்ளை பேரில் கோவை சரவணம்பட்டியில் ஒரு ஃபிளாட் இருக்கிறது, 2019இல் வாங்கியது, இன்னும் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறார். இன்றைக்கு விற்றால் 75 லட்சம் போகும் என்கிறார்கள். கடன் பாதிக்கு மேல் நிற்கிறதே, அதைக் கழித்துப் பார்த்தால் 40,000 பவுண்டுக்குள் வந்துவிடாதா? ஏஜென்ட் இந்தியச் சொத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவே இல்லை.

சித்தூர்க்காரி, இப்போது நாட்டிங்ஹாம்

கேட்க மாட்டார்கள் ஐயா, கேட்டால் அவர்கள் வியாபாரம் நடக்காதே.

கடனைக் கழிக்க முடியாது, சந்தை மதிப்புதான் கணக்கு. 75 லட்சம் என்றால் 40,000 பவுண்டை நன்றாகவே தாண்டுகிறது. ஆகவே அனெக்ஸே இல்லாமல் வெறும் வீடு வாங்கியிருந்தாலும் இந்த 24,000 விழுந்திருக்கும். சொலிசிட்டர் செய்தது சரி. இதை ஒரு வரி கூடுதலாக விளக்கியிருந்தால் உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை, அது வேறு விஷயம்.

ஏஜென்ட் வழியாக அனெக்ஸைக் காட்டிக் கேட்டால் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான். எச்.எம்.ஆர்.சி., அதாவது இங்கத்திய வரித் துறை, பெரும்பாலும் கேட்ட பணத்தை முதலில் கொடுத்துவிடும், அப்புறம்தான் நோண்டிப் பார்க்கும், படிவத்தில் திருத்தம் போட்ட தேதியில் இருந்து விசாரணை தொடங்க அவர்களுக்கு ஒன்பது மாதம் உண்டு. பணம் கணக்கில் விழுந்த அன்றே ஏஜென்ட் தன் 7,200 பவுண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிறகு கடிதம் வரும், முழு 24,000மும் வட்டியோடு திருப்பிக் கட்டு என்று. அலட்சியமாகத் தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் அதற்கு மேல் 30 சதவீதம் வரை அபராதம். கையெழுத்து உங்கள் மகளுடையது, பொறுப்பும் அவளுடையதுதான், ஏஜென்டைத் தேடினால் அந்தக் கம்பெனியே இருக்காது. எச்.எம்.ஆர்.சி.யே இந்த மாதிரி ஏஜென்ட்களை நம்ப வேண்டாம் என்று வீடு வாங்கியவர்களுக்கு வெளிப்படையாக எச்சரிக்கை விட்டிருக்கிறது. 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், பழுது பார்க்க வேண்டிய வீடு குடியிருப்பு வீடே இல்லை என்று சொல்லி வரியைத் திரும்பக் கேட்ட ஒரு வழக்கைத் தள்ளிவிட்டது. அதுவும் இதே ஏஜென்ட்கள் விற்றுக்கொண்டிருந்த சரக்குதான்.

ஜனவரி 31 என்று அவசரப்படுத்துகிறார்களே, அது படிவத்தைத் திருத்துவதற்கான கெடு. வாங்கிய நாளில் இருந்து 14 நாளில் படிவம் தர வேண்டும், அதில் இருந்து 12 மாதம் திருத்தலாம். உண்மையிலேயே அதிகம் கட்டியவர்களுக்கு அதற்குப் பிறகும் வழி உண்டு, வாங்கிய தேதியில் இருந்து நான்கு வருடம் வரை அதிகக் கட்டணத்தைக் கேட்கலாம். ஜனவரி தாண்டினால் எல்லாம் போச்சு என்பது மிரட்டல்.

இன்னொன்று கேட்கிறேன், பதில் முக்கியம். மகளும் மாப்பிள்ளையும் எப்போது இங்கே வந்தார்கள்? அதற்கு முன் அந்த சரவணம்பட்டி ஃபிளாட்டில்தான் குடியிருந்தார்களா?

பழைய ஆதாரம்

இடையில் புகுகிறேன், மன்னிக்கவும். முப்பது வருடத்துக்கு மேல் ஆதாரம் (பத்திரம்) எழுதிக்கொண்டு இருந்தவன், இப்போது வீட்டோடு இருக்கிறேன். நம் கேரளத்தில் 8 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம், ஃபேர் வேல்யூவுக்கு (அரசு வைத்த நில மதிப்பு) கீழே எழுத முடியாது, அதோடு சரி. வாங்குகிற ஆளுக்கு வேறு எத்தனை வீடு, அது எந்த நாட்டில் என்று சப்ரிஜிஸ்ட்ரார் கேட்டு நான் பார்த்ததில்லை. 4,80,000 பவுண்டுக்கு இங்கே என்றால் 48,000 போயிருக்கும், அந்த வகையில் வெள்ளைக்காரன் 35,500தான் வாங்கியிருக்கிறான்.

தோப்பு அண்ணா, உங்கள் பெயரை அந்த வீட்டில் சேர்க்காமல் விட்டது பெரிய காரியம் என்று நினைக்கிறேன். சித்தூர்த் தங்கச்சி சொல்லட்டும், சரிதானே?

சித்தூர்க்காரி, இப்போது நாட்டிங்ஹாம்

ரொம்பச் சரி அண்ணா. வாங்குபவர்களில் ஒருவருக்கு வேறு வீடு இருந்தாலே முழு விலைக்கும் சர்சார்ஜ். ஐயா பெயர் இருந்திருந்தால் அவர் இங்கிலாந்தில் வசிக்காதவர் என்று 2021 ஏப்ரலில் வந்த இன்னொரு 2 சதவீதமும் ஏறியிருக்கும், அது மட்டும் 9,600. அப்பா பணம் கொடுத்தார், மரியாதைக்கு அவர் பெயரையும் போடுவோம் என்று நம் ஆட்கள் செய்துவிட்டு இங்கே வந்து தலையில் கை வைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை தோப்பு

மகள் 2022 மார்ச்சில் போனாள், மாப்பிள்ளையும் பேரனும் அந்த ஆகஸ்டில் போனார்கள். அதுவரை எல்லாரும் சரவணம்பட்டி ஃபிளாட்டில்தான், கல்யாணம் ஆனது முதல் அங்கேதான் குடித்தனம். இங்கிலாந்து போன பிறகு இந்த வீடு வாங்கும் வரை வாடகை வீடு. ஏன் கேட்கிறீர்கள்?

சித்தூர்க்காரி, இப்போது நாட்டிங்ஹாம்

அப்படி என்றால் பணம் திரும்ப வர நேர்வழி ஒன்று இருக்கிறது ஐயா, அனெக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குடியிருந்த வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்கு மாறுகிறவர்களுக்கு சர்சார்ஜ் இல்லை என்பதுதான் சட்டத்தின் எண்ணம். பழைய வீட்டை விற்பதற்கு முன்னாலேயே புதியதை வாங்கினால் முதலில் சர்சார்ஜைக் கட்டிவிட்டு, வாங்கிய நாளில் இருந்து மூன்று வருடத்துக்குள் பழையதை விற்றதும் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம். பழைய வீடு இங்கிலாந்தில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, கோவையில் இருந்தாலும் அதே விதி. ஒரு நிபந்தனை, வாங்கிய தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் எப்போதாவது அது அவர்களுடைய முக்கியக் குடியிருப்பாக இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்த மூன்று வருடம் 2022 ஜனவரி 17இல் தொடங்குகிறது. மகள் கிளம்பியது மார்ச்சில். ஒரு வருடம் முன்னதாகப் போயிருந்தால் இந்தக் கதவு மூடியிருக்கும்.

ஆகவே 2028 ஜனவரி 17க்குள் அந்த ஃபிளாட் கைமாறினால் 24,000 பவுண்டையும் கேட்கலாம். விற்ற தேதியில் இருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். எச்.எம்.ஆர்.சி. தளத்தில் மகளே நிரப்பலாம், கட்டணம் கிடையாது, பழைய படிவத்தின் 11 எழுத்து எண், இரண்டு வீட்டின் விவரம், வங்கிக் கணக்கு, அவ்வளவுதான். யாருக்கும் 30 சதவீதம் தர வேண்டாம். அங்கே குடியிருந்ததற்குச் சான்றாக 2022இன் கரண்ட் பில், பேரன் பள்ளிக் காகிதம், அந்த முகவரியில் இருந்த ஆதார் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

வாளையாறு எக்ஸ்பிரஸ்

அட, அப்போ விற்கவே வேண்டாமே. மாப்பிள்ளை பேரில் இருந்து பொண்ணு பேருக்கு மாற்றி எழுதினால் போச்சு. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரை 40,000க்கு மேல் போகாது, பதிவு 10,000. அரை லட்சத்தில் 25 லட்சம்.

சித்தூர்க்காரி, இப்போது நாட்டிங்ஹாம்

வாளையாறு அண்ணா, உங்களுக்கு முன்னாலேயே இங்கே நிறையப் பேர் அதை யோசித்துவிட்டார்கள். 2017 நவம்பர் 22 முதல் அது செல்லாது, கைமாறிய பிறகு கணவனுக்கோ மனைவிக்கோ அந்த வீட்டில் உரிமை எதுவும் மிஞ்சக் கூடாது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நிஜமாகவே தானமாகக் கொடுத்தால் அது வேறு. ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான், பேருக்கு மாற்றிவிட்டு வாடகை பழையபடி இவர் கணக்கில் விழுந்துகொண்டிருந்தால் அது கொடுத்ததாக ஆகாது. கடன் வேறு நிற்கிறது, வங்கி சம்மதிக்காமல் எதுவும் நகராது.

பழைய ஆதாரம்

விற்கிறதாக முடிவானால் இந்தப் பக்கத்து வேலையை நான் சொல்கிறேன். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருப்பதால் வாங்குகிறவர் வரி பிடித்துவிட்டுத்தான் பணம் தருவார், உள்ளூர்க்காரர் விற்றால் பிடிக்கிற 1 சதவீதம் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஜூலை 23 முதல் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதம், மேலே செஸ். லாபத்துக்குத்தான் வரி என்றாலும் முழு விலையிலும் பிடித்துவிடுவார்கள், பிறகு ரிட்டர்ன் போட்டு வாங்க வேண்டும். அதைத் தவிர்க்க முன்கூட்டியே வருமான வரித் துறையில் குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் கேட்டு வாங்கிவிடுங்கள், அதற்கு நாள் பிடிக்கும், ஆள் பார்த்து அட்வான்ஸ் வாங்கிய பிறகு ஓடாதீர்கள்.

அவர் லீவு போட்டு வர முடியாது என்றால் உங்களுக்கு பவர் எழுதித் தரலாம். அங்கே எழுதி அத்தாட்சி வாங்கி அனுப்பினால், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை செலுத்தியாக வேண்டும், அதை விட்டுவிட்டு அப்புறம் திணறுகிறவர்கள் நிறையப் பேர். பவரில் ஃபிளாட்டின் விவரம், யு.டி.எஸ். (ஃபிளாட்டுக்குச் சேர்ந்த பிரிக்கப்படாத நிலப் பங்கு) அளவு எல்லாம் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

சித்தூர்க்காரி, இப்போது நாட்டிங்ஹாம்

அண்ணா சொன்னதோடு ஒன்று. விற்ற லாபத்தை இங்கேயும் காட்ட வேண்டும், இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். இங்கே லாபத்தை ரூபாயில் பார்க்க மாட்டார்கள், வாங்கிய அன்றைய மாற்று விகிதத்திலும் விற்ற அன்றைய மாற்று விகிதத்திலும் பவுண்டாக்கித்தான் பார்ப்பார்கள், 2019க்குப் பிறகு ரூபாய் இறங்கியிருப்பதால் லாபம் சின்னதாகத் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை தோப்பு

ராத்திரி மகளையும் மாப்பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஏஜென்டுக்கு வேண்டாம் என்று மெயில் போய்விட்டது, அவர் உடனே 25 சதவீதத்துக்கு இறங்கிவந்தார், அதற்கும் வேண்டாம் என்றாகிவிட்டது.

ஃபிளாட்டை விற்க மாப்பிள்ளைக்கு அவ்வளவு இஷ்டம் இல்லை, சரவணம்பட்டியில் விலை இன்னும் ஏறும், வயதான பிறகு ஊரில் ஒரு இடம் வேண்டாமா என்கிறார். மகள், வாடகை கடனுக்கே பத்தவில்லை, மாதாமாதம் நாம் கையில் இருந்து போடுகிறோம், 24,000 வந்தால் இந்த வீட்டுக் கடனில் கட்டிவிடலாம் என்கிறாள். நான் நடுவில் வாயைத் திறக்கவில்லை. வாடகைக்காரர் ஒப்பந்தம் மே வரை இருக்கிறது, அதற்குள் முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். விற்பது என்றால் சான்றிதழ் விஷயமாக ஆதாரம் அண்ணாவுக்குத் தனியாகச் செய்தி போடுகிறேன். கரண்ட் பில்கள் இங்கே என் பீரோவில்தான் இருக்கின்றன, 2022 ஜனவரி, பிப்ரவரி இரண்டும் கிடைத்துவிட்டன.

சித்தூர்க்காரி, இப்போது நாட்டிங்ஹாம்

பில்லைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பிவிடுங்கள் ஐயா, அசல் உங்களிடமே இருக்கட்டும். சொலிசிட்டரிடம் அந்தப் படிவ நகலையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று வருடம் கழித்துக் கேட்டால் கோப்பு எங்கே என்று தேடுவதற்கே தனியாகப் பணம் கேட்பார்கள்.